சிநேகா அழகாக எழுதிவைத்த தவறுகள்

என் தங்கை சிநேகாவின் கையெழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

என் பெயர் சாம். படகுகளுக்கு எண்ணும் பெயரும் எழுதுகிறவன். கடப்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரை கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகுகளில் நூற்றுப்பதினேழு என் பிரஷ் பட்டவை. பள்ளியை எட்டாவதோடு விட்டேன். ஆங்கில எழுத்து இருபத்தாறும் எனக்கு நல்ல பழக்கம். எந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தெரியும். சேர்த்துப் படித்தால் பாதி இடத்தில் பொருள் பிடிபடாது, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் படகுக்காரர் தந்ததைத் தந்தபடியே எழுத வேண்டும். பதிவுத் தாளில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் படகிலும் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனைக்கு வருகிறவர் இது வேறு படகு என்பார். அதனால் யார் எழுதித் தந்ததையும் நான் திருத்தியது கிடையாது.

எனக்கும் சிநேகாவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா தர்மராஜ் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஈ.சி.ஆர். சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். அம்மா ரெபேக்காள் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலைக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்தார். சிநேகா எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அதுவும் ஆங்கில இலக்கியம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்காதவர் இல்லை. "எனக்கு அதான் வரமாட்டேங்குது, அதான் அத்தயே எடுத்துக்கினேன்" என்றாள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், வீட்டைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். அப்போது எங்கள் வீடு பாதிதான் கட்டி முடிந்திருந்தது. நிலை வைத்திருந்தோம், கதவு இல்லை. தார்ப்பாய்தான் தொங்கும். சிநேகா உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'மை ஹவுஸ் ஈஸ் ஹேவிங் நோ டோர்.' பேராசிரியர் அவள் பெயரைச் சொல்லி எழுப்பி, அந்த வரியை வகுப்பில் உரக்கப் படித்தார். வகுப்பே சிரித்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணா, நம்ப வூட்டுக்குக் கதவு எப்பண்ணா வரும்?"

கதவு இல்லாததற்காகச் சிரித்தார்கள் என்று நினைத்திருக்கிறாள். 'ஈஸ் ஹேவிங்' என்று எழுதியதற்குத்தான் அவர்கள் சிரித்தார்கள் என்பது அவளுக்கு அடுத்த வருஷம்தான் புரிந்தது. புரிந்த அன்று ஒரு நீள நோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் தன் வரியையே எழுதினாள். அந்த நோட்டு இன்றும் வீட்டில் இருக்கிறது.

பட்டம், பி.எட். எல்லாம் முடித்து, எங்களுக்குப் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம். அந்தப் பிள்ளைகள் செய்கிற தவறுகள் அந்த நோட்டில் ஏறத் தொடங்கின. இடது பக்கம் பிள்ளை எழுதிய வரி மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அதைத் தன் மிக நல்ல கையெழுத்தில், பெரிய எழுத்தில், அச்சடித்த மாதிரி எழுதுவாள். வலது பக்கத்தில் அந்தப் பிள்ளை ஏன் அப்படி எழுதியது என்று யோசித்து யோசித்துத் தமிழில் கிறுக்கியிருப்பாள், அடித்திருப்பாள், அம்புக்குறி போட்டிருப்பாள். சரியான வரி அந்தக் கிறுக்கலுக்கு நடுவே எங்காவது இருக்கும்.

இதை அவள் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பெயிண்ட் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊர்ப் பேச்சில் 'இருக்கிறார்கள்' என்பது 'கீறாங்க'தான். ஒருநாள் சொன்னாள்:

"அண்ணா, 'வூடு கட்டிகினு கீறாங்க'ன்னா வேலை நடக்குது, சரியா? 'வூட்ல ஆளு கீறாங்க'ன்னா இன்னா வேலை நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல. சும்மா கீறாங்க."

"அதான்! நமக்கு ரெண்டுலயும் 'கீறாங்க' வருது. அதான் பசங்க ரெண்டுத்துக்கும் ஐ.என்.ஜி. போட்டுர்றாங்க. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'னு எழுதுறான். அவன் முட்டாள் இல்லண்ணா. நம்ப வூட்டுக் கணக்க அங்க போட்டுப் பாக்குறான்."

முட்டாள் இல்லை என்று அவள் சொன்ன விதம் எனக்கு மறக்காது.

பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் அடிக்க மாட்டாள். தவறு இருக்கிற வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். எங்கே தவறு என்று பிள்ளையே தேட வேண்டும். கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு வந்தால் புள்ளியை அழித்துவிடுவாள். முழுதாகத் திருத்தி முடித்த நோட்டில் ஆசிரியர் தொட்ட அடையாளமே இருக்காது. இதில்தான் சிக்கல் வந்தது. நவம்பரில் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி அருணகிரி நோட்டுகளைப் புரட்டிவிட்டு, 'ஆங்கிலம்: திருத்தம் போதாது' என்று எழுதிவிட்டுப் போனார். பிப்ரவரியில் திரும்ப வருவதாகச் சொன்னார்.

தலைமையாசிரியை ஜோதிலட்சுமி நல்லவர்தான். ஆனால் பயந்தவர். சிநேகாவைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார்: "அடுத்த வருஷம் உன்னை வெச்சுக்கிறதா வேணாமான்னு அவரு எழுதற குறிப்பைப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது செய்ம்மா. தாழ்வாரத்துச் சுவத்துல சரியான வாக்கியமா ஒரு பத்து எழுதி வை. மேல 'ரீட் டெய்லி'ன்னு போடு. உங்க அண்ணன்தான் பெயிண்டராச்சே."

சிநேகா ஒத்துக்கொண்டாள். வேலை போய்விட்டால் அந்தப் பிள்ளைகளைப் பாதியில் விட்டுப்போக வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

அதிகாரி வருவது திங்கட்கிழமை. சனியும் ஞாயிறும் சிநேகாவுக்குச் செங்கல்பட்டில் பயிற்சி வகுப்பு, சித்தி வீட்டில் தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை நோட்டை என் கையில் கொடுத்தாள்.

"மொதல் ஆறு பக்கத்துல கீறத எழுதிடுண்ணா. சரியானத மட்டும்."

"எது சரியானதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

"பாத்தாலே தெரியும்ணா. தெளிவா எழுதிக்கீறேன். முடிச்சுட்டு போட்டோ அனுப்பு."

"போட்டோலாம் கெடையாது. நேர்ல வந்து பாரு. போட்டோல பாத்தா கோணல் நேராத் தெரியும்."

சனிக்கிழமை காலையில் சுவரைத் தேய்த்து, நூல் பிடித்துக் கோடு போட்டேன். சுவர் பதினெட்டு அடி நீளம். மூன்று அங்குல எழுத்து, வரிக்கு வரி இரண்டரை அங்குல இடைவெளி. பிறகு நோட்டைத் திறந்தேன்.

வலது பக்கத்தைப் பார்த்தேன், ஒரே அடித்தல் திருத்தல். இடது பக்கத்தில் வரிகள் முத்து முத்தாக நின்றன. எழுத்தைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். எது பழகிப் பார்த்த தாள், எது முடிந்த தாள் என்று எனக்கா தெரியாது? முதல் வரியில் 'ஹவுஸ்', 'டோர்' இரண்டும் எனக்கே புரிந்தன. நம் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று அந்த இருபத்தோர் எழுத்தையும் தனி அக்கறையோடு எழுதினேன். மொத்தம் பதினோரு வரி. கருநீல எனாமல். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, மேலே சிவப்பில் 'ரீட் டெய்லி' போட்டு, கீழே மெல்லிய கோடு இழுத்து முடித்தேன். ஓர் எழுத்துகூடச் சறுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதேகால் மணிக்கு சிநேகா பையும் கையுமாக நேராகப் பள்ளிக்கு வந்தாள். நான் சுவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றேன். அவள் முதல் வரியைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். பை தோளிலிருந்து இறங்கிவிட்டது.

"அண்ணா... இது லெப்ட் சைடுண்ணா."

"ஆமாம்மா. அதான் அழகா கீது."

"அதெல்லாம் பசங்க தப்புண்ணா."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. தவறை யாராவது இவ்வளவு அழகாக எழுதுவார்களா? கேட்டேவிட்டேன்.

"பசங்க எழுதுனதாச்சேண்ணா. கேவலமா எழுதி வெக்கச் சொல்றியா?" என்றாள்.

அதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ சாம், 'ரீட் டெய்லி'ன்னு வேற மேல போட்டிருக்கீங்களே! தினமும் தப்பாப் படின்னா? பத்தரைக்கு ஜீப் வந்துடும். வெள்ளையடிங்க, மொத்தமா வெள்ளையடிச்சுடுங்க."

நான் வெள்ளை டப்பாவைத் திறந்துவிட்டேன். பதினைந்து வருஷத்தில் ஒரு படகுக்காரரிடமும் பேச்சு வாங்காதவன், தங்கையின் வேலைக்கு நானே குழி தோண்டிவிட்டேன். பிரஷ்ஷை நனைக்கும்போது பிரேயர் முடிந்து மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரத்துக்குள் வந்துவிட்டார்கள்.

சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்கள். முன்னால் நின்ற அன்பரசி என்கிற பெண் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"டீச்சர்! இது என்து!"

'ஐ டிட் நாட் வென்ட் டு ஸ்கூல்.'

"உன்துன்னு பெருமையா வேற சொல்ற?" என்றான் ஹேமந்த். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ மட்டும் ஒழுங்கா? அஞ்சாவது லைனு உன்து. 'மை மதர் செல் ஃபிஷ்'. உங்கம்மா ஒருத்தங்கதான விக்கிறாங்க? எஸ்ஸு எங்கடா? அத்தயும் சேத்து வித்துட்டாங்களா?"

இப்போது சிரிப்பு தாழ்வாரத்தில் எதிரொலித்தது. ஹேமந்தும் சிரித்தான். ஒருவர் பின் ஒருவராகச் சுவருக்கு ஓடி, 'இது என்து', 'இது என்து' என்று தங்கள் வரிக்கு முன்னால் இடம்பிடித்தார்கள். தங்கள் வரி சுவரில் இல்லாதவர்களில் ஒரு பையன், "நான் இன்னா தப்பே பண்ணலியா டீச்சர்?" என்று முகத்தைத் தொங்கப்போட்டான்.

நான் பிரஷ்ஷோடு நின்றேன். தலைமையாசிரியை, "சாம், அடிங்க" என்றார். சிநேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வகுப்பறைக்குள் போய் ஒரு பெட்டி கலர் சாக்பீஸ் எடுத்துவந்தாள். ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். "அவங்கவங்க வரிக்குக் கீழ சரியா எழுதுங்க. ஏன் தப்புன்னு பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சொல்லிட்டு எழுதணும்."

அன்பரசி 'வென்ட்'டின் மேல் கோடு கிழித்து, 'கோ' என்று எழுதினாள். பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "நேத்தா இன்னிக்கான்னு 'டிட்'டே சொல்லிடுச்சுடி. அப்புறம் 'வென்ட்'டு எதுக்கு? ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் கூலியா?" அது சிநேகாவின் வாசகம். பிள்ளையின் வாயில் கேட்டதும் சிநேகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுவர் முழுக்க என் கருநீலத்துக்குக் கீழே கலர் கலராகச் சாக்பீஸ் எழுத்து. முதல் வரிக்கு முன்னால் மட்டும் யாரும் நிற்கவில்லை.

"இது யார்துடா?" என்றான் ஹேமந்த். "கதவு இல்லாத வூடு யார்து?"

அந்த வகுப்பில் அப்படி வீடு இருக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது என்து" என்றாள் சிநேகா.

ஹேமந்த் சுவரிலிருந்து தள்ளி நின்றான்.

"காலேஜ்ல எழுதுனது. கிளாஸ்ல படிச்சுக் காமிச்சு எல்லாரும் சிரிச்சாங்க. நான் வூட்டப் பாத்து சிரிக்கிறாங்கன்னு நெனச்சுக்கினேன்."

பிள்ளைகள் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து கவியா என்கிற சின்னப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "இப்ப கதவு கீதா டீச்சர்?"

"கீதே. பச்சக் கலர். தோ, எங்க அண்ணன்தான் பெயிண்ட் அடிச்சாரு."

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெள்ளை டப்பாவை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஹேமந்த், "அண்ணாத்த, செம கை" என்றான். கவியா முன்னால் வந்து, எம்பி எம்பி, 'ஈஸ் ஹேவிங்' மேல் கோடு கிழித்து 'ஹேஸ்' என்று எழுதினாள்.

"இங்கே என்ன நடக்குது?"

திரும்பினால் அதிகாரி அருணகிரி. பத்தரை என்றவர் பத்துக்கே வந்திருக்கிறார். தலைமையாசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. அருணகிரி சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து எல்லாவற்றையும் படித்தார். பிறகு சிநேகாவைப் பார்த்தார்.

"தப்பை இவ்வளவு பெரிசா எழுதிவெச்சா, பசங்க மனசுல தப்புதானேம்மா நிக்கும்?"

சிநேகா மழுப்பவில்லை. "சார், எழுதி வெச்சது தெரியாம நடந்தது. ஆனா அழிக்க எனக்கு மனசில்லை. நிக்குதா இல்லையான்னு நீங்களே அவங்களை எழுதச் சொல்லிப் பாருங்க" என்றாள்.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இன்னிக்குக் காலையில இங்க என்ன நடந்ததுன்னு எல்லாரும் அஞ்சு வரி எழுதுங்க. டீச்சர் வெளியவே இருக்கட்டும்" என்று அவர்களோடு வகுப்பறைக்குள் போனார்.

கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்தில் நின்றோம். தலைமையாசிரியை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். சிநேகா சுவரையே பார்த்தாள். நான் வரிகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

அதிகாரி முப்பத்திரண்டு நோட்டுகளோடு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் படித்தார். இரண்டு மூன்று இடத்தில் சிரித்தது போலிருந்தது. ஒரு நோட்டை மட்டும் தலைமையாசிரியையிடம் காட்டி, "உங்களைப் பத்தியும் ஒருத்தி எழுதியிருக்கா. 'ஹெச்.எம். மேடம் ஹேஸ் ஃபியர்.' இலக்கணத்துல தப்பு கிடையாது" என்றார். தலைமையாசிரியை சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, கடைசியில் சிரித்தார்.

பிறகு அதிகாரி சிநேகாவிடம் சொன்னார்: "புதுசா நாலு தப்பு இருக்கு. பல பேர் 'தி' போடவேண்டிய இடத்துல போடலை, போடக்கூடாத இடத்துல போட்டிருக்காங்க. இன்னும் மூணு சில்லறை. ஆனா சுவத்துல இருக்கிற பதினொண்ணுல ஒண்ணுகூட ஒரு நோட்டுலயும் இல்லை. நான் ரெண்டு தடவை தேடினேன்." பேனாவை மூடினார். "அந்த நாலையும் உங்க நோட்டுல ஏத்திக்குங்க."

"சார், நோட்டுல செவப்பு மை..." என்று தலைமையாசிரியை தொடங்கினார்.

"புள்ளியைப் பார்த்தேன்மா. போன தடவை அழிச்ச நோட்டைத்தான் பார்த்திருக்கேன். அது என் தப்பு" என்றார் அருணகிரி. பதிவேட்டில் என்ன எழுதினார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மாலையில் தலைமையாசிரியை சிநேகாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஒரே வரிதான்: 'இவரைத் தொடர வைக்கவும். சுவரை அழிக்க வேண்டாம்.'

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சிநேகா அதே வகுப்பறைக்குள் போனாள். பழைய பிள்ளைகள் பத்தாவதுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கும் ஆங்கிலத்தைச் சிநேகாவே எடுக்கட்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

சுவரில் இரண்டு வேலை எனக்கு மிச்சம் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே சாக்பீஸால் எழுத ஒரு கறுப்புப் பட்டை அடித்துக் கொடுத்தேன். தலைப்பையும் மாற்ற வேண்டும் என்றார் தலைமையாசிரியை, பெற்றோர் பார்த்தால் குழம்புவார்களாம். 'ரீட்' என்பதை எடுத்துவிட்டு 'கரெக்ட்' என்று போட்டேன். நான்கு எழுத்து இருந்த இடத்தில் ஏழு எழுத்து. எவ்வளவு நெருக்கியும் ஒன்றரை அங்குலம் ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டது. மொத்தமாக அழித்து எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். சிநேகா விடவில்லை. நான் எழுதியதிலேயே ஓரம் தப்பிய எழுத்து அது ஒன்றுதான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

போன வாரம் எதிர்ச் சுவருக்குப் புதிதாகப் பத்து வரி எழுத வேண்டும் என்று சிநேகா நோட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டு முதலிலேயே கேட்டுவிட்டேன்:

"எந்தப் பக்கம்மா?"

"அழகா கீற பக்கம்ணா" என்றாள்.